மூன்று விண்ணப்பங்களும் ஒரு விழாவும்

எட்டாம் வகுப்பு வாயாடிக்கு எழுத்துகள் அடங்குவதில்லை. ஒரு வரியை வாசிக்கத் தொடங்கினால் பாதி எழுத்து இடம் மாறி நிற்கும், மீதி காணாமல் போகும். காதால் ஒருமுறை கேட்டால் மட்டும் மறக்கமாட்டாள். மின்சுற்றுப் பாடத்தை வகுப்பில் பாதிப் பேருக்கு அவள்தான் விளக்கினாள். கேட்டவர்கள் தேர்வில் எழுபது வாங்கினார்கள். அவள் பதினொன்று வாங்கினாள். வகுப்பில் அவளுக்கு 'முட்டை' என்று பெயர். வாயாடி என்பது வீட்டுப் பெயர்.

அம்மா பேருந்து ஓட்டுநர். மருத்துவமனையில் வாயாடியை இரண்டு நாள் சோதித்து, கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். தேர்வில் கேள்வித்தாளை வாசித்துக்காட்ட ஓர் ஆள், கூடுதலாக அரை மணி நேரம். சான்றிதழில் கேட்டிருந்தது அவ்வளவுதான். அதை இணைத்து அம்மா மூன்று முறை விண்ணப்பம் கொடுத்தார்.

முதல் முறை தலைமையாசிரியை, "பாக்கறதுக்கு நல்லாத்தானேம்மா இருக்கா?" என்றார். அடுத்த முறை, "ஒழுங்கா உக்காந்து படிச்சா எல்லாம் சரியாப் போயிடும்." மூன்றாம் முறை, "இவளுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்க. அதப் பாத்து எல்லாரும் கண்ணாடி கேக்கறாங்களா மேடம்?" என்றார் அம்மா.

'திமிரைப் பார்' என்று தலைமையாசிரியையின் முகத்தில் எழுதியிருந்தது. அதை வாயாடிகூடத் தடையின்றி வாசித்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பள்ளிகளும் கற்றல் குறைபாடு பற்றி விழிப்புணர்வு விழா நடத்த வேண்டும். படம் எடுத்து அனுப்ப வேண்டும். படம் என்றதும் தலைமையாசிரியையின் உள்ளம் உருகிவிட்டது. பேனர் வந்தது, பலூன் வந்தது. முட்டை என்று கூப்பிட்டுப் பழகிய ஆசிரியர்கள், 'ஒவ்வொரு குழந்தையும் ஒரு வரம்' என்ற வில்லையை நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். விண்ணப்பங்கள் கிடந்த மேசை இழுப்பறையைத் திறக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

விழாவுக்குக் கல்வி அலுவலர் வந்தார். அம்மா ஷிப்டை மாற்றிக்கொண்டு சீருடையோடு கடைசி வரிசையில் நின்றார்.

"நம்ம பள்ளியோட சிறப்புக் குழந்தை!" என்று தலைமையாசிரியை வாயாடியை மேடைக்கு இழுத்தார். ஓர் அட்டையைக் கையில் திணித்தார். "உறுதிமொழிய வாசிம்மா. பயப்படாத."

அவள் அட்டையைப் பார்த்தாள். எழுத்துகள் நெளிந்தன. "நா... நாங்..." முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காது சுட்டது. அட்டையைக் கீழே இறக்கினாள்.

"என்னால இத வாசிக்க முடியாது மேடம். அதுக்குத்தானே இந்த விழாவே?"

மைக் வேலை செய்துகொண்டிருந்தது.

படமெடுப்பவர் எதிரே நின்றதால் தலைமையாசிரியையின் சிரிப்பு அப்படியே இருந்தது. பல்லுக்கு நடுவிலிருந்து, "முயற்சி பண்ணும்மா," என்றார்.

"யாராவது வாசிச்சுக் காட்டுங்க. நான் சொல்றேன்."

சீக்கிரம் கிளம்பும் அவசரமோ என்னவோ, அலுவலரே அட்டையை வாங்கி வாசித்தார். எட்டு வரி. ஒரு சொல் சிந்தாமல் எட்டையும் திருப்பிச் சொன்னாள்.

"பரிச்சைலயும் இதத்தான் சார் கேட்டேன். அம்மா மூணு தடவ எழுதிக் குடுத்தாங்க."

அலுவலர் திரும்பினார். "அப்படியா மேடம்?"

"பரிசீலனைல இருக்கு சார்."

"எத்தன நாளா?"

"ஏழு மாசமா!" பின்னாலிருந்து அம்மாவின் குரல். நெரிசல் பேருந்தின் முன்படியில் தொங்குபவர்களைப் பார்த்து 'உள்ள போங்க' என்று கத்திப் பழகிய குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

அலுவலர் ஒன்றும் மகான் அல்ல. நூறு பெற்றோர் முன்னால் மாட்டிக்கொண்டவர். அதனால் மறுநாளே அனுமதிக் கடிதம் வந்தது.

ஆண்டுத் தேர்வில் வாயாடிக்குக் கிடைத்த இடம் விளையாட்டுப் பொருள் அறை. காற்றுப்போன பந்துகளுக்கு நடுவே ஒரு மேசை. வாசிக்க வந்தவர் உடற்பயிற்சி ஆசிரியர்.

"கேள்வி ஒன்று! மின்தடை! என்றால்! என்ன!"

"சார், நான் அணிவகுப்புல இல்ல. கொஞ்சம் மெதுவா."

அவர் ஒரு நொடி திகைத்தார், பிறகு சிரித்துவிட்டார். அடுத்த தேர்வுக்குள் குரலைத் தாழ்த்தக் கற்றிருந்தார். எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் திரும்ப வாசித்தார். அந்தப் பள்ளியில் விழிப்புணர்வு பெற்றது அவர் ஒருவர்தான்.

அறிவியலில் எழுபத்தெட்டு. ஒரே வாரத்தில் பள்ளி வாசலில் அவள் படம் தொங்கியது: 'எங்கள் தனி அக்கறையால் சாதித்த மாணவி'.

அம்மா தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தார். "அந்தப் படத்த எடுங்க மேடம்."

"ஏம்மா, பெருமைதானே?"

"ஆறாவதுல இவள மாதிரியே இன்னும் ரெண்டு பேரு. அவங்க வீட்லயும் எழுதிக் குடுத்திருக்காங்க. அதுல கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் பெருமைப்படுங்க."

"அதுக்குன்னு ஒரு நடைமுறை இருக்கும்மா..."

அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இருக்கட்டும். என் வண்டி நாலு மணிக்குத்தான்."

மூன்றே கால் வரை தலைமையாசிரியை ஏதேதோ கோப்புகளைப் புரட்டினார். அதற்குமேல் புரட்ட ஒன்றும் இல்லாதபோது இரண்டு விண்ணப்பங்களிலும் கையெழுத்துப் போட்டார். செய்தி கேட்ட உடற்பயிற்சி ஆசிரியர், பந்துகளை மூலையில் ஒதுக்கிவிட்டு, இன்னும் இரண்டு மேசைகளைத் தானே தூக்கிப் போட்டார்.