தலைகீழாக நிற்காதவள்

செவ்வாயும் வெள்ளியும் காலையில் புனே பானேரில் எங்கள் அலுவலகத்தின் நாலாவது மாடியில் யோகா. ஊழியர்களின் வாழ்க்கைத் தரம் உயர வேண்டுமாம். வேலையைக் குறைத்தாலே உயர்ந்துவிடும். அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. வகுப்புக்கு வராமல் இருந்தால், "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று மேலாளர் மந்தார் சாயங்காலம் வரை விசாரிப்பார்.

வகுப்பு தொடங்கும்முன் ஆசிரியை ஷுபதாக்கா கேட்பார், "பீரியட்ஸ் இருக்கிறவங்க கையைத் தூக்குங்க. இதுல என்ன வெட்கம்?" தூக்கியவர்களுக்குச் சுவரோரம் திண்டு. மற்றவர்கள் தலைகீழாக நிற்கும்போது அதில் சாய்ந்து கிடக்கலாம். புனேயில் யோகா பழகிய பெண்களுக்கு இது சகஜம்.

நானும் கையைத் தூக்கினேன். எனக்கு அது வந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. போன வருடம் கரு ஒன்று தங்காமல் போனதால், இந்த முறை தலைகீழாக எதுவும் வேண்டாம் என்று டாக்டர் ஜோக்லேகர் சொல்லியிருந்தார். என் கணவன் நிஷாத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. அலுவலகத்துக்குத் தெரியவே கூடாது. புதிய திட்டத்துக்கு யார் தலைமை என்று மந்தார் அறிவிக்கப் போகிற நேரம். நாலு வருடமாக நான் காத்திருந்த இடம் அது. முக்தா என்று ஒருத்தி இருந்தாள். கர்ப்பம் என்று வாயைத் திறந்தாள். "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்று அவள் வேலையெல்லாம் வேறொருவனுக்குப் போய்விட்டது. எங்கள் ஆட்கள் குழி பறித்தாலும் நல்ல மனசோடுதான் பறிப்பார்கள்.

என் பொய்யில் ஓர் ஓட்டை இருந்தது. பீரியட்ஸ் என்றால் நாலைந்து நாளில் முடிய வேண்டும். அடுத்தவன் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. என் ஓட்டை என் கண்ணில் படவில்லை.

"ஏண்டி கேதகி, மூணு வாரமா கையைத் தூக்கிட்டே இருக்கே?" என்றார் ஷுபதாக்கா. அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "இன்னும் நிக்கலையா? டாக்டர்கிட்ட போனியா இல்லையா?"

கூடம் முழுக்கச் சிவந்த முகங்கள் தலைகீழாக என்னையே பார்த்தன. மந்தார் தடாலென்று காலை இறக்கினார்.

"கேதகி, இத்தனை நாளா சொல்லவே இல்லையே! முதல்ல உடம்பைப் பாருங்க. புது வேலையை ருதா பாத்துக்கட்டும்."

அவ்வளவுதான். நாலு வருடம் ஒரே மூச்சில் போயிற்று.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல," என்றேன். "முழுகாம இருக்கேன்."

"அடிப்பாவி!" என்றாள் பக்கத்து விரிப்பு ருதா. "நீ திண்டு சுகத்துக்குத்தான் புளுகறேன்னு நினைச்சேன்!"

மந்தார் முகம் மலர்ந்தது. "அட, நல்ல சேதி! வாழ்த்துகள்! அப்ப கண்டிப்பா ரெஸ்ட் எடுக்கணும். ருதாவே பாக்கட்டும், நீங்க கவலையே படாதீங்க."

நோய் என்றாலும் ரெஸ்ட், பிள்ளை என்றாலும் ரெஸ்ட். பொய் சொன்னதற்கும் உண்மை சொன்னதற்கும் ஒரே கூலி.

கடைசியில் சவாசனம், பிணம்போல் அசையாமல் கிடப்பது. விளக்கை அணைத்தார்கள். எல்லோரும் மல்லாந்தார்கள், நான் திண்டில் ஒருக்களித்துப் படுத்தேன். "எல்லாத்தையும் விட்டுடுங்க, தோளை விடுங்க, தாடையை விடுங்க," என்றார் ஷுபதாக்கா. எதை விடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கோபத்தில் காது அடைத்தது. போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மறுநாளே, யாருக்கும் தெரியாமல், இதே கட்டடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அன்றைக்கு யாரும் ரெஸ்ட் கொடுக்கவில்லை.

"மந்தார்," என்றேன் இருட்டில். "எனக்கு ரெஸ்ட் வேணும்னு நான் கேட்டேனா?"

அவர் விரிப்பில் புரண்டார். பிறகு மெல்ல, "சவாசனத்துல பேசக்கூடாது, கேதகி."

"பிணம்தான் பேசாது. நான் உயிரோட இருக்கேன். இந்த வேலை யாருக்குன்னு முடிவு பண்ணியிருந்தீங்க?"

"வெள்ளிக்கிழமை சொல்றேனே..."

"இப்பவே சொல்லுங்க. இங்க எவனும் தூங்கல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ருதாதான். "சொல்லித் தொலைங்க மந்தார்," என்றாள். "அவளுக்கு வரவேண்டிய வேலைய நான் எப்படி வாங்கிக்கிறது? ஊர் சிரிக்கும்."

ஷுபதாக்கா யாரையும் அதட்டவில்லை. விளக்கையும் போடவில்லை.

"உங்களுக்குத்தான்," என்றார் மந்தார். "உங்க பேரைத்தான் போட்டிருந்தேன்."

"அப்படியே இருக்கட்டும்."

"நடுவுல லீவு வருமே?"

"வரும். அப்ப ருதா பாத்துக்கட்டும். திரும்பி வந்து நான் பாத்துக்கிறேன்."

"சரி," என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கியவள் அதை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன். இந்த அலுவலகத்தில் ஒரு நாளும் நான் அப்படி வைத்ததில்லை.