வாயிலில் இல்லாத செருப்பு

மழை வலுத்ததுமே மலை ஒரு பக்கம் சரிந்தது. ஓடையில் கோல்டான் தாது அலசிக்கொண்டிருந்த உவினேசா, சத்தம் கேட்டதும் தட்டை அப்படியே போட்டுவிட்டு மேட்டில் ஏறி ஓடினாள். காலையிலிருந்து மண்ணைக் கரைத்துச் சேர்த்த கறுப்பு மணல் தண்ணீரோடு போயிற்று. போகட்டும். அவள் புருஷன் பரியாங்கா சுரங்கத்துக்குள் இருந்தான்.

மாசிசி மலைகளில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் டயர்ச் செருப்பை வாயிலில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் போவார்கள். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான், கிடக்கவில்லையென்றால் வந்துவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது.

சுரங்க வாயைச் சேறு மூடியிருந்தது, வெளியே செருப்பு போடும் இடம் மட்டும் தப்பியிருந்தது. உள்ளே காற்று அனுப்பும் மிஷினைக் குழாயிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே அடிவாரத்துக்கு ஓடிவிட்டார்கள்.

"செமிவும்பி அண்ணே, அவர் எங்கே?"

குழித் தலைவர் செமிவும்பி நிமிர்ந்தார். "கீழே ஓடியிருப்பான்மா. பாரு, ஒரு செருப்புகூட இல்லை. எல்லாரும் வந்தாச்சு. நீயும் இறங்கு, மலை இன்னும் அடங்கலை."

மிஷினைத் தோளில் ஏற்றிய ருகேமா சிரித்தான். "உன் ஆளு இந்நேரம் வாழைப்பழ பீரோட உக்காந்திருப்பான். மழைன்னா முதல்ல ஓடுறவனாச்சே!"

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. திரும்பி இறங்கினாள். இரண்டடி வைப்பதற்குள் கால் செருப்புக்குள்ளேயே வழுக்கியது.

குனிந்து பார்த்தாள். காலில் கிடந்தது பரியாங்காவின் செருப்பு.

மத்தியானம் அவனுக்கு மரவள்ளிக் களி கொண்டுவந்தபோது அவள் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவன் தின்றுவிட்டு உள்ளே போனபிறகு, வாயிலில் கிடந்த அவன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடைக்குப் போனாள். சாயங்காலம் அவன் வருவதற்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

"அண்ணே! அவர் உள்ளேதான் இருக்கார்! செருப்பு என் காலுல இருக்கு!"

செமிவும்பியின் முகம் செத்துவிட்டது. "யாரைக் கேட்டுடி எடுத்தே?"

"யாரையும் கேக்கலை."

"இப்போ தோண்டினா நாமளும் உள்ளே போவோம், அண்ணே," என்றான் ருகேமா. இப்போது அவன் சிரிக்கவில்லை.

உவினேசா வாதாடவில்லை. செருப்பைக் கழற்றினாள். சேற்றைத் துடைத்து, சுரங்க வாயருகே ஜோடியாக வைத்தாள். வாயிலில் செருப்பு கிடக்கும்போது குழியை விட்டுப் போனவனோடு அந்த மலையில் யாரும் மறுபடி வேலைக்கு இறங்கமாட்டார்கள்.

ருகேமா செருப்பைப் பார்த்தான். மிஷினைத் தோளிலிருந்து இறக்கினான்.

"குழாயை மாட்டு," என்றார் செமிவும்பி. "ஏய், கடப்பாரை கொண்டா!"

மிஷின் உறுமியது. காற்று போகிறதா, குழாய் நசுங்கிக் கிடக்கிறதா, யாருக்குத் தெரியும்? தோண்டத் தோண்டச் சேறு வழிந்தது. மேலிருந்து ஒரு பாறை உருண்டு, ருகேமாவின் தோளை உரசிக்கொண்டு போனது. கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அவன் மறுபடி குனிந்தான். உவினேசா வெறுங்கையால் வாரினாள், நகம் பிய்ந்தது.

"மிஷினை நிறுத்து!" செமிவும்பி குழாயில் காதை வைத்தார்.

டொக். டொக்.

"கல்லால தட்டுறான்! விடுடா காத்தை!"

இருட்டுவதற்கு முன் சேற்றுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். பரியாங்கா இருமினான், துப்பினான், மழைக்கு வாயைத் திறந்தான்.

"ஏன்டா மிஷினை நிறுத்தினீங்க? நான் செத்துட்டேன்னா நினைச்சீங்க?"

செமிவும்பி உவினேசாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது.

"நான்தான்," என்றாள். "உன் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டேன்."

அவன் வாயிலில் கிடந்த ஜோடியைப் பார்த்தான். பிறகு மாட்டிக்கொண்டு, அவள் தோளைப் பிடித்து எழுந்தான்.

இறங்கும் வழியெல்லாம் கூர்க்கல். பாதி வழியில் நின்றான். "கால் கிழியுதே. இதைப் போட்டுக்கோயேன்."

"வேணாம்," என்றாள் உவினேசா. "உன் காலுலயே இருக்கட்டும்."