திங்கட்கிழமை ஒன்பது மணிக் கடிதம்

என் கணவருக்கு விடுதலை வேண்டியிருந்தது. அதை வாங்கியும் விட்டார்: படுக்கை, ஃபிரிட்ஜ், கூரையில் சோலார் எல்லாம் வைத்த ஒரு வேன். அலுவலகத்தில் அவரைச் ‘சாமியார்’ என்று கிண்டல் செய்வார்கள். முற்றும் துறக்கப் போகிறவருக்குக் காபி மெஷினை மட்டும் துறக்க முடியவில்லை. அதற்கு வேனுக்குள் இடம் பார்க்க நான்தான் டேப் பிடித்தேன். என் தலையணை வரவேண்டிய இடம் கச்சிதமாகப் பொருந்தியது.

“அப்ப நான் எங்க படுக்கிறது?”

“அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா. சுதந்திரம்னா சும்மாவா?”

ராஜினாமாக் கடிதத்தைச் சேர்ந்துதான் எழுதினோம். மேனேஜரை எருமை என்ற வரி என்னுடையது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் முழுவதற்கும் தானாகப் போகும்படி ஃபோனில் வைத்தார்.

சனிக்கிழமை, வேன் கூரைமேல் ஏறி சைக்கிளைக் கட்டியவர் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. அவ்வளவுதான்.

திங்கள் காலை மின்மயானத்துக்கு அலுவலகமே வந்திருந்தது. “என் கூடப்பிறந்த தம்பி மாதிரிங்க அவன்,” என்று மேனேஜர் விம்மியபோதுதான் கடிதம் ஞாபகம் வந்தது. மணி எட்டு ஐம்பத்தைந்து. ஃபோன் என் பையில்தான் இருந்தது. திறக்கும் எண் தெரியாது. “நமக்குள்ள என்னம்மா ரகசியம்?” என்பார், எண்ணைச் சொல்லமாட்டார்.

குனிந்து அழுவதுபோல் அவர் கட்டைவிரலை எடுத்து ஃபோனில் அழுத்தினேன். திறக்கவில்லை. முந்தானையால் துடைத்து அழுத்தினேன். ஊதிச் சூடாக்கி அழுத்தினேன்.

“விட்டுடும்மா, கையைப் பிடிச்சா எழுந்து வந்துடுவானா?” என்று மாமியார் என் தோளைப் பற்றி அழுதார்.

ஒன்பது. முப்பது சட்டைப்பைகள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. படித்தவர்கள் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். என் கணவருக்குப் பக்கத்து மேசைப் பெண் தன் ஃபோனை நீட்டினாள்.

“அக்கா... உங்களுக்கு இது தெரியுமா?”

நாங்கள் எழுதியது அப்படியே இருந்தது. அடியில் நான் எழுதாத இரண்டு வரி:

‘இந்நேரம் நான் ஊரைத் தாண்டியிருப்பேன், தனியாக. வேனில் ஒருவருக்குத்தான் இடம் என்பதை யாராவது என் மனைவிக்குச் சொல்லிவிடுங்கள்.’

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார்.

“எருமைன்னு எழுதியிருக்கான். பரவாயில்லங்க. என்னைப் பத்தி அரைப் பக்கமாவது எழுதணும்னு தோணியிருக்கே.”

என் கணவரின் கட்டைவிரல் இன்னும் என் கையில்தான் இருந்தது. விட்டேன்.

“கடைசியா ஒரு தடவை முகம் பாக்கறீங்களா?” என்றார் மயான ஊழியர்.

“பாத்தாச்சு.”