தடி

சாதா, ஸ்பெஷல் என்று ஓட்டலில் தோசைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார் சுப்புரத்தினம். மெட்ராஸ் கம்பெனிக்காக ஜீப் விற்கிற மனுஷர். திருத்தணி மலையடிவாரத்தில், குளத்தங்கரைப் புளியமரத்தின் கீழே, இரண்டு ஜீப்புகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சாதாவுக்கு மேலே வெறும் கித்தான். பக்கத்தில் கதவுகூட இல்லை. ஸ்பெஷலுக்கோ இரும்புக் கூரை, கண்ணாடி வைத்த கதவு, குஷன் சீட்டு. பின்னால் பெண்டுகள் மறைவாக உட்காரட்டும் என்று நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு வேறு. எஞ்சின் இரண்டுக்கும் ஒன்றுதான். சேறானாலும் மணலானாலும் நாலு சக்கரமும் இழுக்கும்.

ஆதிகேசவன் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். நந்தியாற்றுக்கு அக்கரையில் அவருக்குக் கரும்பும் நெல்லுமாக நிலமும் வீடும். ஒரே மகள் அம்மு தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஐப்பசிக் கடைசியில் நாள். ஐப்பசியில் அந்த ஆறு என்ன ஆட்டம் ஆடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆஸ்பத்திரி இக்கரையில், பாலம் கிடையாது. அதற்காகத்தான் ஐம்பது வயதில் மைத்துனன் சேட்டுவிடம் திட்டு வாங்கி வாங்கி வண்டி ஓட்டப் பழகினார். அம்முவை ஏற்றிக்கொண்டு இன்னொருத்தன் ஆற்றைத் தாண்டக் கூடாது என்பதில் மனுஷர் ஒரே பிடியாக இருந்தார்.

சேட்டு, செத்துப்போன அவர் பெண்டாட்டியின் தம்பி, வீட்டில் தெலுங்கு பேசும் நகரிக்காரன். பட்டாளத்தில் லாரி ஓட்டியவன், வாயும் லாரி மாதிரிதான்.

"இன்னா பாவா, பொண்ணு பாக்க வந்தாப்ல சுத்திகினே கீறே? ஜீப்பு வாங்க வந்த ஆளு கையில தடி எதுக்கு? மாட்டக் கட்டியா இழுக்கப் போறே?"

ஆதிகேசவன் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்த மூங்கில் தடி அவரை விட்டுப் பிரிந்து யாரும் பார்த்ததில்லை. வீட்டில் வாசலில் ஒன்று, மாட்டுக்கொட்டாயில் ஒன்று, கட்டிலுக்கு அடியில் ஒன்று. பாம்புக்கு என்று ஊர் நினைத்தது. ஊருக்கென்ன, எதையாவது நினைக்கத்தானே வேண்டும்! மழை விழுந்தால் அவர் பிடரிக்குப் பின்னால் ஒரு பெண் குரல் 'தடி, தடி' என்று கேட்கும். இருபது வருஷமாகக் கேட்கிறது. உடனே தடியை எடுத்துப் பிடித்துக்கொண்டு, மழை விடும்வரை நிற்பார். திரும்பிப் பார்க்கிற தைரியம் ஒருநாளும் வந்ததில்லை.

"ஸ்பெஷல்ல ஏறிப் பாருங்க ஐயா," என்றார் சுப்புரத்தினம். "தடுப்பச் சாத்திட்டா பின்னால பொம்பளைங்க பேசற பேச்சு ஒண்ணும் கேக்காது. நிம்மதியா ஓட்டலாம்."

சிரிப்புக்குத்தான் சொன்னார். ஆதிகேசவன் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். முன்னால் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். சேட்டு பின்னால் உட்கார்ந்து தடுப்பைச் சாத்திக்கொண்டு கத்தினான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. தகரத்தில் அரிசி கொட்டுவதுபோலக் கூரைமேல் இரைந்தது. ஆதிகேசவன் தடியை இறுகப் பிடித்துக் காத்திருந்தார். குரல் வரவில்லை. அப்பாடா, இத்தனை வருஷத்தில் குரலில்லாத முதல் மழை! இந்த ஸ்பெஷலைத்தான் எடுக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டார்.

எஞ்சினை நிறுத்தினார். சேட்டு தடுப்பைத் தள்ளினான்.

தடி, தடி.

"பாவா! இன்னா மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சு?"

"உங்கக்கா கூப்புடறா," என்றார் ஆதிகேசவன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. இனி மறைத்து என்ன?

"பங்காரு அக்காவா?"

"ஆங். அவ கடைசியா இன்னா சொன்னான்னு நான் யாருக்கும் சொன்னதில்ல. ரெண்டாவது பிரசவத்துக்கு வலி எடுத்து, இதே ஆத்துல கூண்டு வண்டி கட்டிகினு வந்தேன். நல்ல மழ. நடு ஆத்துல மாடு நின்னுபோச்சு. கூண்டுக்குள்ளேந்து அவ தடி, தடின்னா. மாட்ட அடிக்கச் சொல்றான்னு தடிய எடுத்து ஓங்கி நாலு போட்டேன். மாடு மிரண்டு எகிறிச்சு, வண்டி குடை சாஞ்சிட்டுது. கூண்டுக்குள்ளயே மாட்டிகினா." கையிலிருந்த தடியைத் தூக்கிக் காட்டினார். "அவ சொன்னதத்தான்டா செஞ்சேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இருபது வருஷம் சோறு தின்றார், தூங்கினார், அம்முவை வளர்த்தார்.

சேட்டு தடுப்பைத் தாண்டி முன்னால் குனிந்தான்.

"பாவா," என்றான் மெதுவாக. "அக்கா உங்கூடத் தமிழ்தான் பேசுவா. ஆனா வலி வந்தா அவளுக்குத் தெலுங்குதான் வரும். தேள் கொட்டினப்ப நானே பாத்துகீறேன். எங்கூட்டுல ஈரத்துக்குப் பேரு தடி."

மழை இரைந்துகொண்டிருந்தது.

"தண்ணி உள்ள ஏறிடுச்சு, நனையறேன்னு சொல்லிகீறா பாவா. வண்டியத் திருப்பச் சொல்லிகீறா."

அவருக்குத் தெரியாத வார்த்தையா அது? நெல்லை அள்ளிப் பார்த்துத் தடி என்று உதட்டைப் பிதுக்கும் நகரி வியாபாரிகளிடம் எத்தனை தரம் மல்லுக்கு நின்றிருக்கிறார்! ஆனால் பயத்தில் அவர் காது தமிழைத்தான் கேட்டது. அதற்கப்புறம் அந்த வார்த்தையைத் திருப்பிப் பார்க்க அவர் மனசு ஒருநாளும் சம்மதிக்கவில்லை. இப்போது ஜீப்புக்குள்ளேயே, விற்கிறவன் பார்க்க, முகத்தைப் பொத்திக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

"நனையறேன்னு சொன்னவளுக்கு நான் மாட்ட அடிச்சேனே, பாவி!"

சேட்டு அவர் முதுகில் கை வைத்தான். அவனுக்கும் அழுகைதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆதிகேசவன் இறங்கினார். "சாதாவே குடுத்துடுங்க."

சுப்புரத்தினம் பதறினார். "ஐயா, புள்ளத்தாச்சிப் பொண்ணுன்னு சொன்னீங்களே! இதுல சாரல் அடிக்குமே. நனைஞ்சிடுமே!"

"பக்கத்துக்குப் படுதா கட்டிக்கறேன். அதையும் மீறி நனைஞ்சா அம்மு சொல்லும். சொன்னா எனக்குக் கேக்கணும்."

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாதாவில் ஏறி, சேட்டுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார். பத்தடி போயிருக்கும். சுப்புரத்தினம் ஸ்பெஷலுக்குள் எட்டிப் பார்த்தவர், எதையோ எடுத்துக்கொண்டு மழையில் பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஐயா! தடி! தடி!"

வண்டி நின்றது. ஆதிகேசவன் இறங்கினார். நீட்டிய தடியை அவர் பார்க்கவே இல்லை. நேரே பின்பக்கம் போனார். சாரலில் பின்சீட்டு நனைந்து கிடந்தது. தோள் துண்டை எடுத்தார். ஒரு மூலை விடாமல், அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

"இதோ தொடைச்சிட்டேன், பங்காரு," என்றார்.