சம்ரீன் எடுத்த படுத்த கோடு

திங்கட்கிழமை காலை லேபில் பிளாட்டினம் கம்பி ஒடிந்தது. வியாழக்கிழமை எனக்கு வைவா. ஐந்து வருஷ ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் கிடைக்கும் நாள். அன்று காட்டக் கடைசி வரைபடம் ஒன்று பாக்கி இருந்ததால், கம்பிக்குப் பதிலாக கிராஃபைட் குச்சியை அமிலத்தில் இறக்கினேன். மின்னோட்டமே வரவில்லை. திரையில் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

என் ஆய்வேடு சொல்வது இதுதான்: எரிபொருள் மின்கலத்தில் மெத்தனாலை உடைக்க பிளாட்டினம் வேண்டாம், நான் செய்த இரும்பு-கரித் தூளே போதும். தூளும் நாளுக்கு நாள் நன்றாக வேலை செய்தது. செய்யாதா பின்னே! சுற்றை முடிக்க எதிரே மாட்டிய கம்பியிலிருந்து பிளாட்டினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தூளின்மேல் படிந்திருக்கிறது. மெத்தனாலை உடைத்தது அந்தப் பிளாட்டினம்தான்; கம்பி இல்லாமல் புதுத் தூளால் ஒன்றும் முடியவில்லை. மக்கு, மக்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதுகூட யாரையோ திட்டுவதுபோல இருந்தது. மரத்துப் போயிருந்தேன்.

கைடு பீமராவ் சார் வரைபடத்தைப் பார்த்தார். "வைவா முடியட்டும்மா. இத யாரும் கேக்கப் போறதில்ல. பேசாம இரு" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தேன். ஸ்ரீரங்கம் வீட்டில் அம்மா, "கமலினி, வியாழக்கிழமை அக்காரவடிசல் எத்தனை பேருக்குடி பண்ணணும்?" என்றாள். "நாப்பது" என்றேன். சாப்பிட்டேன். தூங்கக்கூடச் செய்தேன்.

சம்ரீன் நினைப்புதான் விடவில்லை. எனக்கு ஜூனியர். என் தூளை வைத்துத்தான் அவள் ஆராய்ச்சி. லேபில் இருந்த ஒரே பிளாட்டினம் கம்பியை நான் டிராயரில் பூட்டி வைத்துக்கொண்டேன். அவள் கிராஃபைட் குச்சியோடு ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டிப் படுத்த கோடுகளாகவே எடுத்தாள். "கமலினிக்கு வருது, உனக்கு ஏன் வரல?" என்று சார் எல்லார் முன்னாலும் கத்துவார். நானும் சிரித்திருக்கிறேன். போன ஆடியில் ஆராய்ச்சியையே விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் தில்லை நகரில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் சரியாத்தான் செஞ்சேனாக்கா?"

"நீ சரி. நான்தான் தப்பு."

"மறுபடி சேரணும்னா யுனிவர்சிட்டில காட்டணும். இத எழுதித் தருவீங்களா?"

எழுதினால் வியாழக்கிழமை இல்லை. அம்மாவின் நாற்பது பேர் இல்லை. தாள் கேட்டேன். சம்ரீனின் முடிவுகள் சரி, என் ஆய்வேடு தவறு என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

இரண்டு முறை படித்தவள் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஒன்றரை வருஷ அழுகை. நான் பக்கத்தில் நின்றேன்.