தரையோடு தரையாக ஒரு கார்

கண்ணாடிக்கடைக்காரர் சாதுவான மனிதர். வருகிறவர்களுக்குக் கண் பரிசோதித்து, பிரேமைக் காதில் மாட்டிவிட்டு, "உறுத்துதா?" என்று கேட்பார். நாள் முழுக்க அவர் பேசுகிற பேச்சே அவ்வளவுதான். அப்படிப்பட்டவருக்கு நடுவயதில் ஓர் ஆசை முளைத்தது. தன் பழைய காரைத் தாழ்த்திவிட வேண்டும். சக்கரம் மட்கார்டுக்குள் பாதி மறைந்து, வண்டி தரையோடு படுத்துக்கொண்டு போக வேண்டும்.

மனைவியின் தம்பி மெக்கானிக். மாமா கேட்டால் மறுக்கத் தெரியாதவன். பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி புதிய செட் ஒன்றை மாட்டினான். ஸ்பிரிங்குக்கு அடியில் மரையில் ஓடும் ஒரு வளையம் இருந்தது. அதை மேலே திருகினால் கார் எழும்பும், கீழே திருகினால் இறங்கும். மாமா தள்ளி நின்று பார்த்து, இன்னும் கொஞ்சம் என்றார். இறக்கினான். இன்னும் கொஞ்சம் என்றார்.

"இதுக்குக் கீழ தரைதான் மாமா இருக்கு" என்று ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

நல்ல சாலையில் அந்தக் கார் சொன்னபடி கேட்டது. முன்பு திருப்பத்தில் குடிகாரனைப்போல ஒரு பக்கமாகச் சாய்ந்த வண்டி, இப்போது தண்டவாளத்தில் போவதுபோலத் திரும்பியது. ஆனால் நல்ல சாலைக்கு எங்கே போவது? வழியில் காலி டப்பா கிடந்தால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போனார். வேகத்தடை வந்தால் மனைவி இறங்கி நடந்து, அந்தப் பக்கம் போய்க் காத்திருந்து ஏறிக்கொள்வாள். கார் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டு வீடுகளில் ஜன்னல் திறக்கும். தெருவில் அதற்குப் 'பல்லி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். திருமணக் கேக்குகளை ஒரு வேன்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு நாள் மூன்றடுக்குக் கேக் தயாராக நிற்கும்போது அவருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. மண்டபமோ ஊரின் மறுகோடியில். அவள் கேக்கைப் பார்த்தாள், வாசலில் படுத்திருந்த காரைப் பார்த்தாள்.

"ஏங்க, இது தாங்குமா?"

"உன் வேன் மாதிரி ஆடாது. திரும்பினதே கேக்குக்குத் தெரியாது, பாரு."

பின்சீட்டில் கேக்கோடு அவள் உட்கார்ந்தாள். முதல் நான்கைந்து திருப்பங்களில் அவர் சொன்னது பலித்தது. கேக் சிலைபோல நின்றது. அவருக்குத் தலை கால் புரியவில்லை. மருத்துவமனைச் சுவரை ஒட்டிய பெரிய வளைவில் கொஞ்சம் வேகமாகவே திருப்பினார். குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் அங்கேதான் இருந்தது. ஸ்பிரிங்குக்கு அமுங்க இடமில்லை. அடியில் 'டங்' என்று முட்டியது. கார் தவளைபோல எகிறி அடுத்த தடத்தில் போய் விழுந்தது.

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். மேலடுக்கு மனைவியின் மடியில் இருந்தது.

"வண்டிய எடுங்க" என்றாள் அவள். அந்தக் குரலுக்குப் பிறகு அவர் மூச்சுவிடும் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் இரண்டு அடுக்கை வைத்து, மேலே பூவைக் குவித்து மூடினாள். மணப்பெண் வந்து மூன்றாவது அடுக்கு எங்கே என்று கேட்டாள். பொய் சொல்ல மனம் வராமல் மனைவி தன் மடியைக் காட்டினாள். மணப்பெண் கண்மை கரைகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு ஒரு விரலால் அந்த மடியிலிருந்தே கிரீமை வழித்து நக்கிப் பார்த்து, ருசி பிரமாதம் என்றாள்.

மறுநாள் காலை கண்ணாடிக்கடைக்காரர் கடையைத் திறக்கவில்லை. மனைவி சோதனைக்கென்று ஒரு பேசின் நிறைய அடித்த கிரீமுடன் காரில் ஏறி, தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்கு விடச் சொல்லியிருந்தாள்.

"இப்படி எகிறும்னு தெரிஞ்சா முன்னாடியே சொல்ல வேண்டியதுதானேடா?"

"சொன்னேன்க்கா. மாமா காதுல விழல. கார சுத்திச் சுத்திப் பாத்துட்டு இருந்தாரு."

எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூக்கு என்றாள் அவள். தூக்கினான். கார் ஒட்டகம்போல நின்றது. தம்பியையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு அதே வளைவுக்குப் போனார்கள். பள்ளத்தில் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இறங்கி ஏறியது; அவள் முகத்தில் வெற்றி தெரிந்தது. அடுத்த திருப்பத்தில் வண்டி ஒரேயடியாகச் சாய்ந்தது. பேசின் வழுக்கிவந்து கிரீம் முழுவதும் அவள் மேலேயே கொட்டியது. முன்சீட்டில் இருந்த இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

"சிரிச்சு முடிச்சிட்டா சொல்லுங்க" என்றாள்.

அதன்பின் பேசினில் தண்ணீர்தான். கொஞ்சம் இறக்குவதும், ஒரு சுற்றுப் போய்வருவதும், மறுபடி ஏற்றுவதுமாக மதியம் போனது. நாலு சக்கரத்தையும் சமமாக வைக்காவிட்டால் ஒரு மூலை தூக்கிக்கொண்டது. உயரம் மாறியதில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுத்தது, சக்கரங்களை நேராக்க அலைன்மென்ட் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்று விரல் நுழைகிற உயரத்தில் தண்ணீர் சிந்தாமல் நின்றது.

அந்த இடைவெளியைப் பார்க்கப் பார்க்கக் கண்ணாடிக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. மாமனார் ஓட்டுகிற சாதாரணக் கார் மாதிரி ஆகிவிட்டதே என்று முணுமுணுத்தார். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில், அந்தப் பெரிய வளைவில், கார் பள்ளத்தில் அமுங்கி, எகிறாமல், சாலையை விடாமல் பிடித்துக்கொண்டு திரும்பியது. படுத்துக் கிடந்த நாளில்கூட அது இப்படி ஓடியதில்லை. எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லி வண்டியைத் திருப்பி, அதே வளைவை இன்னொரு முறை ஓட்டினார். என்ன மறந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வேன்காரர் குணமாகி வந்தபோது, அவருக்கு இனி வேலை இருக்காது போலிருந்தது. நான்கடுக்குக் கேக் ஒன்று பல்லியின் பின்சீட்டில் ஏறியிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"ஏங்க" என்றாள் மனைவி, கேக்கின் பின்னாலிருந்து. "கொஞ்சம் அழுத்தித்தான் ஓட்டுங்களேன். கிரீம் உருகுது."