வாஷிங் மெஷின் கையேடு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அரை அங்குலம் நகர்ந்தது. என் கணவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை முறைத்தார். லிஃப்ட் மெக்கானிக் அவர். இத்தனை வருஷத்தில் எந்த லிஃப்டையும் நடுமாடியில் தொங்கவிட்டதில்லை என்கிற பெருமை உண்டு. அதனால் அவமானம் கொஞ்சம் கூடுதல்.

எல்லாம் என்னால் வந்தது. போன வாரம் திரைச்சீலைத் துணி தேடிக்கொண்டிருந்தபோது சிவப்பாக ஒரு பெட்டி வந்து ஊளையிட்டது. கம்ப்யூட்டரில் முப்பத்தேழு வைரஸாம், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டுமாம். பதறிப்போய் ஆறு எண்களை அழுத்தியும்விட்டேன். அவர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். அன்றிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும் இலவச ஆன்டிவைரஸ் ஆராய்ச்சிதான். லிஃப்ட் சோதனைத் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, எது காசு கேட்டு நச்சரிக்கும், எது கம்ப்யூட்டரை மந்தமாக்கும், எது கூடவே வேண்டாத சாமானையும் இறக்கும் என்று எழுதினார். "சும்மா குடுக்கறவன் எங்கயாவது கை வைப்பான். எங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா போதும்" என்பார். 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்துமுன் ஒவ்வொரு வரியையும் உதடசையப் படிப்பார். கடைசியில் இரண்டு தேறின. ஒன்றை விட மனசு வராமல் இரண்டையும் போட்டுவிட்டார்.

"லிஃப்ட் என்ன ஒத்தக் கயித்துலயா தொங்குது? ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கணும்ல?" என்றார், எதற்கு இரண்டு என்று நான் கேட்டதற்கு.

"கயிறுங்க ஒண்ணோட ஒண்ணு சண்ட போடாதுங்க. நீங்க ரெண்டு வாட்ச்மேன வெச்சிருக்கீங்க. அவன் இவனத் திருடன்னு பிடிச்சிருக்கான், இவன் அவன விடமாட்டேங்கறான்."

சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் திரையில் ஒன்று மற்றதைச் சந்தேகக் கேஸாகத்தான் பிடித்து வைத்திருந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "டாக்டரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்." நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பொருத்துகிறவள். டாக்டர் பட்டம் அவர் கொடுத்தது. தன் தப்பைப் பார்த்துச் சிரிக்கிற ஆண்பிள்ளையோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு சுகம் என்று நாற்பத்தேழு வயதில்தான் தெரிந்துகொண்டேன். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். இருவருக்குமே இரண்டாவது.

ஒன்றை நீக்கிவிட்டு, மிஞ்சியதை முழுச் சோதனைக்கு விட்டார். ஒவ்வொரு கோப்பின் பெயராகத் திரையில் வந்து நின்று போனது. நான் டீயோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதி டீ குடித்திருப்பேன், அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னுடையதும் வருமே!

வந்தது.

"வாஷிங் மெஷின் கையேடு," என்று வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு இன்னொரு முறை படித்தார். "நம்மகிட்ட வாஷிங் மெஷினே இல்லையே?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இப்படித்தான் அப்பாவிப் பேரு வெச்சுக்கிட்டு வரும்," என்றவர், கோப்பைத் தேடிப்பிடித்து அதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனார். "உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு அழிச்சிடறேன்."

"தொறக்காதீங்க!"

குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

"நான் எழுதறது. தினம் நாலு வரி. கடைக்கு வர்றவங்களப் பத்தி, உங்களப் பத்தி, என்னென்னமோ."

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. முதல் வீட்டில் எனக்கு ஒரு நோட்டு இருந்ததைச் சொன்னேன். விருந்தாளிகள் வந்த ஒருநாள் அந்த மனுஷன் அதை எடுத்து, என் குரலிலேயே படித்துக் காட்டினதைச் சொன்னேன். 'புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன ரகசியம்' என்றார் பெரிய மனதோடு. கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது. பதினாறு வருஷம் ஒரு வரி எழுதவில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் மறுபடி கை வந்தது.

அவர் கொஞ்ச நேரம் சோதனைத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று பயந்தேன். சொல்லவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் செட்டிங்கில் எதையோ திறந்து படிக்க ஆரம்பித்தார்.

"இதுல ஆளுக்கொரு கணக்கு தொறக்கலாமாம். ஒண்ணு பெரிய கணக்கு. புதுசா எது போடணும்னாலும் அதோட பாஸ்வேர்ட் வேணும். இன்னொண்ணு சாதா. அது மத்தவங்க ரூமுக்குள்ள நுழைய முடியாது. தினம் நோண்டற ஆளுக்கு சாதாதான் நல்லதுன்னு போட்டிருக்கு."

"சரி, எனக்கு சாதா போடுங்க."

"தினம் நோண்டறது யாரு? ரெண்டு வாட்ச்மேன வெச்சது யாரு?" என்றார். "எனக்குத்தான் சாதா. பெரிய சாவி உன்கிட்ட இருக்கட்டும்."

"கம்ப்யூட்டர் உங்களோடதுங்க."

"லிஃப்டுல ஏறிப் போறவன் மெஷின் ரூம் சாவிய வெச்சிருக்கக் கூடாது, டாக்டரம்மா. அது பாதுகாப்பு விதி."

அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பாஸ்வேர்ட் கேட்டுப் பெட்டி வந்ததும் அவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். அவசரத்தில் இரண்டு முறை அடித்ததும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தப்பு, தப்பு என்று கம்ப்யூட்டர் கத்தியது. உதவிக்கு வருவார் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு நின்றிருந்தார், மூக்கு சுவரில் இடிக்கிற தூரத்தில். "மெதுவா அடி, ஒண்ணும் அவசரமில்ல" என்று சுவரிடம் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அங்கே மாட்டியிருந்த மாசக் காலண்டரில் முடிந்துபோன தேதிகளை ஒன்றுவிடாமல் உதடசையப் படித்துக்கொண்டிருந்தார்.